மாற்றுரைச் சூத்திரம்: ஒரு விளக்கவுரை

பெறுநர்முன் வைக்கும் எழுத்தலாப் பொருட்கெலாம்
பயனொத்து நிற்கும் மாற்றுரை வேண்டும்
ஆறிடம் ஒழித்தென்ப நெறிவகுத் தோரே.

இச்சூத்திரம் என்னுதலிற்றோ எனின், வலைப்பக்கம் சமைப்போர் தம் பக்கத்துள் படம், ஒலி, வரைபடம், பொத்தான் முதலாயின இடுங்கால், அவற்றைக் கண்ணாலோ செவியாலோ கொள்ள இயலாதார்க்கும் அவை சென்று சேரும் ஆறு உணர்த்துதல் நுதலிற்று.

எந்நூலகத்தது எனின், டபிள்யூ3சி எனப்படும் உலகளாவிய வலைச் சேர்த்தியம் வெளியிட்ட ‘வலை உள்ளடக்க அணுகல் நெறிகள்’ என்னும் நூலகத்தது, அந்நூலுள் 1.1.1 என்னும் எண் பெற்றது. மூலம் ஆங்கில உரைநடை. நெஞ்சிற் பதித்துக்கொள்வார்க்கு எளிதாதற்பொருட்டு அதன் கருத்து ஈண்டு மூன்றடியாக யாத்து வைக்கப்பட்டது. சொல்லுக்குச் சொல் நிறுத்தது அன்று. பொருள் குன்றாமை மட்டும் பேணப்பட்டது.

முதலெண் பெற்றமைக்குக் காரணம் அறிதல் வேண்டும். அந்நூல் தன் விதிகளையெல்லாம் நான்கு கோட்பாடுகளின்கீழ் அடக்கும்: புலப்படுதல், இயக்கப்படுதல், விளங்குதல், பல கருவியினும் நிலைபெறுதல் என. புலப்படாத ஒன்றை இயக்குதலும் இல்லை, விளங்கிக்கொள்ளுதலும் இல்லை. ஆதலின் புலப்பாடு முதற்கண் வைக்கப்பட்டது. அதனுள்ளும் இது முதற்கண். 1999 மே 5-இல் நூலின் முதற்பதிப்பு வந்தது. 2008 டிசம்பர் 11-இல் வந்த இரண்டாம் பதிப்பு 61 விதிகளை உடைத்து. 2018-இல் அவை 78 ஆயின. 2023 அக்டோபர் 5-இல் ஒன்பது சேர்ந்து ஒன்று நீங்கி 86 ஆயின. இத்துணைச் சேர்தலும் நீங்கலும் நிகழ்ந்தும் 2008 தொட்டு இச்சூத்திரத்தின் இடம் பெயர்ந்திலது.

இதன் பொருள்: பக்கத்தைப் பெறுவார்முன் வைக்கப்படும், எழுத்து அல்லாத எல்லாப் பொருளுக்கும், அப்பொருள் செய்யும் பயனோடு ஒத்த பயனைச் செய்து நிற்கும் எழுத்துவடிவ மாற்று ஒன்று இருத்தல் வேண்டும், ஆறு இடங்களை நீக்கி, என்று கூறுவர் இந்நெறியை வகுத்தோர் என்றவாறு.

இனிச் சொற்றொறும் நிறுத்தி ஆராய்வாம்.

பெறுநர்முன் வைக்கும்: காண்போர் என்னாது பெறுநர் என்றார், பக்கம் காணப்படுவது மட்டும் அன்று ஆகலின். திரைவாசிப்பான் என்னும் மென்பொருள் பக்கத்தைக் குரலாக்கும். அதனைச் செவியால் பெறுவர் பலர். கணினியோடு இணைத்த பிரெயில் பலகையில் ஊசிப்புள்ளிகள் எழுந்தமிழும். அதனை விரலால் பெறுவர் சிலர். கண்ணும் செவியும் ஒருங்கே இல்லாதார்க்கு விரல் ஒன்றே வாயில். காண்போர் என்றிருப்பின் இவர் இருவரும் புறத்தே நிற்பர்.

‘வைக்கும்’ என்னும் பெயரெச்சம் வரையறை குறித்து நின்றது. வருவோர் எண்ணிக்கையைக் கணக்கிடற்கென நிரலில் மறைத்து வைக்கும் ஒற்றைப் புள்ளிப் படம் போல்வன பக்கத்துள் உளவேனும் எவர்முன்னும் வைக்கப்படுவன அல்ல. அவற்றுக்கு மாற்றுரை தேடி மாணாக்கர் இடர்ப்படற்க.

எழுத்தலா: எழுத்து அல்லா என்பது விகாரப்பட்டு நின்றது. எழுத்து யாது என்று முதலில் அறிந்தாலன்றி எழுத்து அல்லாதது யாது என்று அறியலாகாது. நூலார் எழுத்துக்கு இரண்டு இலக்கணம் கூறுவர்: குறிகளின் தொடரை மென்பொருள் தானே அறிந்துகொள்ளத் தக்கதாக இருத்தல் ஒன்று; அத்தொடர் மாந்தர் மொழியில் ஏதேனும் ஒரு பொருளைச் சொல்லுதல் மற்றொன்று. இவ்விரண்டும் அமைந்ததே எழுத்து. ஒன்று குறையினும், கண்ணுக்கு எழுத்தாகத் தோன்றினும், அஃது எழுத்து அன்று.

இவ்விடம் தமிழ்ப்பக்கம் சமைப்போர் நின்று கற்கவேண்டிய இடம். மழை விடுமுறை அறிவிப்பைக் காகிதத்தில் அச்சிட்டுக் கையெழுத்திட்டு, ஒளிப்படம் பிடித்து, அப்படத்தைப் பக்கத்தில் ஏற்றுவார் உளர். பார்ப்பவர்க்கு அது நிறையத் தமிழ். திரைவாசிப்பானுக்கு ஒரு படம், அவ்வளவே. அதனுள் ஓர் எழுத்தும் இல்லை. வருடியெடுத்துப் பிடிஎஃப் ஆக்கிய அரசாணையும் திருமண அழைப்பும் தேர்வுக் கால அட்டவணையும் இவ்வினத்தன.

இதனினும் நுண்ணியது ஒன்று உண்டு. யூனிகோடு பரவுவதற்கு முன் பாமினி முதலிய எழுத்துருக்களில் தமிழை உள்ளிட்டு வந்தனர். அச்சுத் தொழிலில் இன்றும் அவ்வழக்கு அற்றிலது. பாமினியில் ‘தமிழ்’ என்று திரையில் தோன்றுவது கணினியின் உள்ளே ஜே, கே, பி, ஓ என்னும் நான்கு ஆங்கில எழுத்தும் ஓர் அரைப்புள்ளியுமே. திரைவாசிப்பான் எழுத்துருவின் உருவத்தை அறியாது; உள்ளிருக்கும் குறியையே அறியும். ஆதலின் பக்கம் முழுதும் அத்தகைய எழுத்தாய் இருப்பின், கேட்பவர் பொருளற்ற ஆங்கில ஒலிக்குவியலையே கேட்பர். இங்கு முதல் இலக்கணம் உளது. குறித்தொடர் உண்டு, மென்பொருள் அதனை அறியும். இரண்டாவது இலது, அத்தொடர் எம்மொழியிலும் எப்பொருளும் சொல்லவில்லை. எனவே கண்ணுக்குத் தூய தமிழாய்ப் பொலிவதும் எழுத்தலாப் பொருளின்பாற்படும். தமிழ்நாட்டரசு 2010-இல் யூனிகோடு முறையையும், அச்சு முதலியவற்றுக்கு டேஸ்16 முறையையும் ஏற்றது. பழங்கோப்புகளைப் பக்கத்தில் ஏற்றுவோர் அவற்றை யூனிகோடாக மாற்றாமல் ஏற்றுதல் இச்சூத்திரத்தோடு மாறுகொள்ளும் என்க.

கோடும் அடைப்புக்குறியும் புள்ளியும் கொண்டு சிரித்த முகம் போலக் காட்டுவதும் இதனால் எழுத்தலாதது ஆயிற்று.

பொருட்கெலாம்: எலாம் என்பது எஞ்சாப் பொருட்டு. முகப்புப் பக்கத்துப் படத்துக்கு மட்டும் உரை எழுதி உட்பக்கத்தனவற்றை விடுதலும், புதியவற்றுக்கு எழுதிப் பழையவற்றை விடுதலும் இச்சொல்லால் விலக்குண்டன.

அற்றேல், பல்லாயிரம் படம் உடைய தளத்தார் இதனைச் செய்தல் கூடுமோ எனின், அதனை ஒரு வழக்கின்கண் வைத்து விளக்குதும். 2000-ஆம் ஆண்டு சிட்னியில் ஒலிம்பிக் விளையாட்டு நடந்தது. பிறவியிலேயே பார்வையற்ற புரூஸ் மகுவயர் என்பார், பிரெயில் பலகையால் வலையைப் பயில்பவர், அவ்விளையாட்டின் தளம் தமக்கு அடைபட்டுள்ளது என 1999-இல் முறையிட்டார். படங்களுக்கும் படவழி இணைப்புகளுக்கும் மாற்றுரை இல்லை என்பதும், விளையாட்டுகளின் அட்டவணைக்குச் செல்ல வழியில்லை என்பதும், முடிவுப் பட்டியல்களைப் படிக்க இயலவில்லை என்பதும் அவர் முறையீடு. ஒருங்கிணைப்புக் குழுவார் திருத்துவதற்குப் பெருங்காலமும் பெரும்பொருளும் ஆகும் என்றனர். ஆஸ்திரேலியாவின் மனித உரிமை, சமவாய்ப்பு ஆணையம் அதனை ஏற்றிலது. 2000 ஆகஸ்டில், விளையாட்டுத் தொடங்கும் முன்னரே திருத்துக எனப் பணித்தது. குழுவார் முற்றத் திருத்தாமையின், பின்னர் 20,000 ஆஸ்திரேலிய டாலர் இழப்பீடும் விதித்தது. தொடக்கத்தே எழுதியிருப்பின் ஒவ்வொரு படத்துக்கும் சில நொடிப் பணி. இறுதியில் எழுதப் புகின் அதுவே மலையாய்த் தோன்றும். ‘எலாம்’ என்னும் சொல் சமைக்கத் தொடங்குவார்க்குக் கூறியது என்று கொள்க.

பயனொத்து: இச்சூத்திரத்தின் உயிர் இச்சொல்லின்கண் உளது. பயன் ஒத்து எனப் பிரித்துக்கொள்க. ஒத்து என்பது செய்து என்னும் வாய்பாட்டு வினையெச்சம். ‘நிற்கும்’ என்பதனோடு முடிந்தது.

உருவொத்து என்னாது பயனொத்து என்றது என்னை? படத்துள் யாது காணப்படுகிறது என்பதை உரைக்குமாறு நூலார் கேட்டிலர். அப்படத்தை அவ்விடத்தில் எதன்பொருட்டு வைத்தாய் என்பதையே கேட்டனர். முதற்பதிப்பின் விதிவாசகம் படம், ஒலி முதலிய ஒவ்வொன்றுக்கும் நிகரான எழுத்து வேண்டும் என்ற அளவில் நின்றது; நிகர்மையாவது பயனொத்தல் என்பதை அதனைச் சூழ்ந்த விளக்கமே கூறிற்று. பட்டியலின் முன் புள்ளியாக வைக்கும் படத்தையும், வரிகளுக்கிடையே இடம் நிரப்ப வைக்கும் வெற்றுப் படத்தையும் கூட அவ்விதி தன் பட்டியலில் சேர்த்து ஓதிற்று. இரண்டாம் பதிப்பு வகுத்தோர் அப்பாடத்தை மாற்றி, பயனொத்தலை விதிவாசகத்துள்ளேயே வைத்தனர். பதிப்புகளை ஒப்புநோக்குவார்க்கு இம்மாற்றம் சிறிதாகத் தோன்றும். கற்பார்க்கோ இஃது அனைத்தினும் பெரிது.

ஓர் எடுத்துக்காட்டால் இதனை விளக்குதும். தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின் ஒளிப்படம் ஒன்று உளது எனக் கொள்க. சுற்றுலாத் தளத்தில் அதனை அழுத்தினால் நடைதிறக்கும் நேரம் காட்டும் பக்கம் திறக்குமாயின், அங்கு மாற்றுரை ‘தஞ்சைப் பெரிய கோயில்: நடைதிறப்பு நேரம்’ என்பதாகும், விமானத்தின் வடிவம் அங்கு வேண்டா. கட்டடக்கலைப் பாடத்தில் அதே படம் வருமாயின், சதுரமான அடித்தளத்தின்மேல் 13 நிலைகள் படிப்படியாகக் குறுகி எழுதலும் உச்சியில் சிகரமும் கலசமும் அமைதலும் உரைக்கப்படல் வேண்டும். நடைதிறப்பு நேரம் அங்கு வேண்டா. ஒளிப்படம் பயிற்றும் பக்கத்தில் வருமாயின், மாலை வெயில் மேற்றிசையினின்று வீழ்ந்து நிலைகளின் நிழலைப் பிரித்துக் காட்டுதலே பேசப்படும். நாட்காட்டி நிறுவனத்தார் பக்கத்தின் ஓரத்தில் அழகுக்காக மங்கலாய் அச்சிட்டிருப்பரேல், அங்கு உரையே வேண்டா. படம் ஒன்று, மாற்றுரை நான்கு, அவற்றுள் ஒன்று வெறுமை. படத்தை மட்டும் தனியே எடுத்துக்கொடுத்து ‘இதற்கு மாற்றுரை யாது?’ என வினவும் தேர்வுத்தாள் உளதாயின், அவ்வினா பிழையுடைத்து என்க.

கருவியில் வரும் சிறு குறிகளுக்கும் இதுவே முறை. பூதக்கண்ணாடிப் படம் பொறித்த பொத்தானுக்கு மாற்றுரை ‘தேடு’, ‘பூதக்கண்ணாடி’ அன்று. பூட்டின் படம் ‘உள்நுழைக’ ஆகும். மூன்று கிடைக்கோடு ‘பட்டி’ ஆகும். இவற்றை உருவால் உரைப்பின் கேட்பவர் பூதக்கண்ணாடியை வைத்துக்கொண்டு என் செய்வர்?

வரைபடம் வருவுழி மாணாக்கர் பெரிதும் வழுவுவர். தமிழ்நாட்டு மழையளவை மாதவாரியாகக் காட்டும் கம்பி வரைபடத்துக்கு ‘மாதவாரி மழையளவு வரைபடம்’ என்று எழுதி அமைவர். அது பெயரே அன்றிப் பயன் அன்று. பார்வையுடையவர் அவ்வரைபடத்தை நோக்கிய அளவில், அக்டோபர் முதல் டிசம்பர் வரை நிற்கும் கம்பிகளின் உயரத்தால், ஆண்டு மழையில் ஏறத்தாழப் பாதி வடகிழக்குப் பருவத்தில் பெய்கின்றமையை அறிந்துகொள்வர். அவ்வறிவே பயன். அதனைச் சுருக்கமாக மாற்றுரையில் கூறி, எண்களை அடுத்துள்ள அட்டவணையில் வைத்தல் தகும்.

வானொலியில் கிரிக்கெட் வருணிப்பாரை நோக்குக. களத்துள் காண்பன எண்ணிறந்தன. அவர் புல்லின் நிறத்தையும் பார்வையாளர் சட்டையையும் முறையே கூறப் புகார். பந்து எங்கே, மட்டையில் பட்டதா, ஓட்டம் எத்தனை என்பனவற்றையே கூறுவர். ஆட்டம் மழையால் நிற்கும்பொழுது மட்டும் புல்லின் ஈரத்தையும் வானின் நிறத்தையும் எடுத்துரைப்பர், அப்பொழுது அதுவே செய்தி ஆகலின். பயன் மாறவே உரை மாறிற்று.

ஈண்டுத் தடை எழுப்புவார் ஒருவர்: செயற்கை நுண்ணறிவு படத்தைப் பார்த்துத் தானே உரை எழுதுகின்ற இக்காலத்தே, இச்சூத்திரத்தைக் கற்றல் வீண் அன்றோ எனின், அன்று. ஃபேஸ்புக் 2016-இலேயே படங்களுக்குத் தானியங்கு மாற்றுரை தரத் தொடங்கிற்று; அதன்பின் வந்த கருவிகள் மிகத் திறம் பெற்றன என்பதும் மெய். தனிப்பட்டோர் வலையில் இடும் கோடிக்கணக்கான படங்களுக்கு வேறு எவரும் உரை எழுதார் ஆகலின், ஆங்கு அவை நன்மையே. எனினும் பொறி காண்பது படத்துள் உள்ளதனை. அதனை அவ்விடத்தில் வைத்தவர் உள்ளத்தில் யாது இருந்தது என்பது படத்துள் இல்லை. மேற்காட்டிய விமானப் படத்தைப் பொறியிடம் தரின் ‘உயர்ந்த கற்கோயில், நீல வானம்’ என நான்கு பக்கத்துக்கும் ஒரே விடை தரும். சுற்றியுள்ள சொற்களையும் உடன் கொடுத்தால் சிறிது நெருங்கி வரும். முடிவு செய்தல் பக்கம் சமைத்தவர் கடனாகவே நிற்கும். தாம் ஏன் ஒரு படத்தை வைத்தோம் என்று கூற இயலாதார், அப்படத்தை வைத்தற்கே உரியரல்லர் என்பது இவ்வுரைகாரன் துணிபு.

நிற்கும்: இச்சொல் வாளா நின்றது அன்று. எழுதியதோடு அமையாது, பொருள் மாறுந்தோறும் உரையும் உடன்மாறி நிலைபெறல் வேண்டும் என்பது குறித்தது. தீபாவளித் தள்ளுபடிப் பதாகையை எடுத்துப் பொங்கல் பதாகையை வைப்பார், படக்கோப்பை மட்டும் மாற்றி மாற்றுரையை மறந்துவிடுவர். தை மாதத்தில் பக்கத்தைக் கேட்பவர்க்குத் தீபாவளியே இன்னும் நடந்துகொண்டிருக்கும். பொருள் மாறியும் உரை மாறாமையை இவ்விதியின் மீறலாகவே நூலார் தம் துணைநூலுள் எடுத்து ஓதினர்.

மாற்றுரை: மாற்றாக நிற்கும் உரை, எழுத்து வடிவினது. ஒலியை மாற்றாக வைக்க என்னாது உரையை வைக்க என்றது என்னையெனின், உரை ஒன்றே எவ்வடிவும் எடுக்க வல்லது. குரலாகும், பிரெயிலாகும், பெரிதாகும், நிறம் மாறும், வேறு மொழியும் ஆகும். ஒலிப்பதிவை மாற்றாக வைப்பின் அது செவியோடு நின்றுவிடும்.

எச்டிஎம்எல் மொழியில் படத்துக்கு மாற்றுரை இடும் இடம் ‘ஆல்ட்’ என்னும் பண்பு. படத்தின்கீழ் எல்லார்க்கும் தெரிய எழுதும் படக்குறிப்பு வேறு, இது வேறு. சுட்டியைப் படத்தின்மேல் நிறுத்தினால் தோன்றும் ‘டைட்டில்’ பண்பும் வேறு. இம்மூன்றிலும் ஒரே வாக்கியத்தை எழுதுவாரும் உளர். கேட்பவர் அதனைத் திரும்பத் திரும்பக் கேட்டு அயர்வர். உரையின் தொடக்கத்தில் ‘இது ஒரு படம்’ என எழுதுதலும் மிகை. அது படம் என்பதைத் திரைவாசிப்பானே முன்கூட்டிச் சொல்லிவிடும். 125 எழுத்துக்கு மேற்போகற்க என ஓர் எல்லையைச் சிலர் ஓதுவர். அவ்வெல்லை நூலுள் இல்லை. சுருங்கச் சொல்லலே நன்று. சுருங்காத பொருளாயின் பக்கத்தின் உடலிலே விரித்து எழுதுக.

தமிழில் உரை எழுதுவார் ஒன்று கூடுதலாக நினைக்க. பக்கத்தின் மொழி தமிழ் என நிரலின் தொடக்கத்தில் குறிக்கப்படாது ஆங்கிலம் என்றே கிடக்குமாயின், ஆங்கிலக் குரல் தமிழை வாசிக்கப் புகுந்து தடுமாறும். சில கருவிகள் வாசியாமலே விடும். இது 3.1.1 ஆகிய வேறொரு விதியின்பாற்பட்டது. ஒன்றின முடித்தலாக ஈண்டுக் கூறப்பட்டது.

வேண்டும்: விதிப்பொருட்டு. நூலுள் விதிகள் ஏ, ஏஏ, ஏஏஏ என மூன்று நிலையாக வைக்கப்படும். இது முதலாவதாகிய ஏ நிலையது. இதனைச் செய்யாதவர் எந்நிலையையும் எய்தினார் எனப்படார். இந்திய அரசுத் தளங்களுக்கென வகுத்த வழிகாட்டு நெறியும் இந்நூலையே அடியாகக் கொண்டது. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016 தகவல் தொழில்நுட்பத்தை அணுகுதலையும் தன்னகத்து அடக்கிற்று. இத்துணைத் தெளிவாக விதித்தும் உலகம் இதனைச் செய்கின்றதோ எனின், வெப்எய்ம் என்னும் அமைப்பு 2024-இல் பத்து இலட்சம் முகப்புப் பக்கங்களைப் பொறியால் ஆராய்ந்தவழி, அவற்றுள் 54.5 விழுக்காட்டில் மாற்றுரை அற்ற படம் இருக்கக் கண்டது. பொறியால் காணப்படுவது உரை இன்மை மட்டுமே. உரை இருந்தும் பயனொவ்வாமையைப் பொறி காணாது. அதுவும் சேரின் எண் இன்னும் மிகும் என்பது உய்த்துணரப்படும்.

ஆறிடம் ஒழித்து: ஒழித்து என்பது நீக்கி என்னும் பொருட்டு. அவ்வாறு இடங்களாவன: உள்ளீட்டுக் கருவிகள், காலத்தோடு ஓடும் ஒலியும் காணொளியும், தேர்வு, புலனுகர்ச்சி, மனிதனெனக் காட்டும் சோதனை, அலங்காரம் என்பன. நீக்கி என்றமையின் இவற்றுக்கு ஒன்றும் வேண்டா என மயங்கற்க. அலங்காரம் ஒழிந்த ஐந்திடத்தும் பயனொத்த உரைக்கு ஈடாகச் சிறியதொரு கடன் வைக்கப்பட்டது. பொருள் இன்னது என்று அடையாளம் காட்டும் பெயரேனும் இருத்தல் வேண்டும் என்பதே அது.

முதலிரண்டும் பிற விதிகளால் விரித்து ஓதப்படுதலின் ஈண்டு விரியா. தேர்வு என்றது நிறக்குருடு அறியும் புள்ளிப்படம் போல்வன. அதனுள் மறைந்த எண்ணை மாற்றுரையில் எழுதிவிடின் தேர்வே கெடும். ‘நிறம் அறியும் தேர்வுப் படம்’ என்று பெயர் சுட்டுதல் அமையும். புலனுகர்ச்சி என்றது குழலிசையும் ஓவியமும் போல்வன. இசையைச் சொல்லாக்கித் தருதல் கூடாமையின் யார் வாசித்த எந்த இராகம் என்று கூறி அமைக.

ஐந்தாவது நின்று ஆராயத் தக்கது. வளைத்து நெளித்த எழுத்தைக் காட்டி ‘இதனைத் தட்டச்சிடு’ என்றும், ஒன்பது கட்டங்களைக் காட்டிப் ‘போக்குவரத்து விளக்கு உள்ளவற்றைத் தெரிவு செய்’ என்றும் கேட்கும் கேப்ச்சா என்பதே இது. விடையை மாற்றுரையில் எழுதின் பொறியும் படித்துவிடும் ஆகலின், இங்கு நூலார் இரண்டு கடன் வைத்தனர்: இஃது என்ன சோதனை, எதற்கு என்று உரையால் கூறல் ஒன்று, வேறொரு புலனால் தேறத்தக்க சோதனையும் உடன் வைத்தல் ஒன்று. ஒலிச்சோதனை அவ்வாறு வந்ததே. கண்ணும் செவியும் இல்லாதார்க்கு இவ்விரண்டும் உதவா; இவ்விடத்து நூல் தானே தன் குறை காட்டி நிற்கிறது என்று கூறினும் அமையும். 2023 பதிப்பில் 3.3.8 என்னும் புது விதி சேர்த்து, உள்நுழைவார்க்கு நினைவாற்றலையும் புதிர் அவிழ்த்தலையும் தடையாக வையற்க என்றனர், சில விலக்குகளோடு.

தன்னை மனிதனெனக் காட்டும் சோதனை மனிதனையே விலக்கிய இடம் இந்தியாவிலும் உண்டு. வங்கிக்கணக்குத் தொடங்கும் மின்னணுச் சரிபார்ப்பில், உயிருள்ளவர் என அறிதற்குக் கண் சிமிட்டிக் காட்டுக என்று கேட்ட வழக்கம், அமில வீச்சால் கண் கெட்டாரைப் புறந்தள்ளிற்று. அவர் முறையிட்டவழி உச்ச நீதிமன்றம் 2025 ஏப்ரல் 30-இல், மின்னணுச் சேவையை அணுகுதல் அரசமைப்பின் 21-ஆம் பிரிவு தரும் வாழ்வுரிமையின் பாற்பட்டது எனத் தீர்ப்புரைத்தது.

ஆறாவது அலங்காரம். ஏனை ஐந்தனோடும் இது மாறுபட்டது. ஏனையவற்றில் கடன் குறைந்தது. இதன்கண் கடன் தலைகீழாயிற்று. ஒன்றும் சொல்லாமையே இங்குக் கடன். அன்றியும், துணைக்கருவி அதனைக் கடந்து போகுமாறு அமைத்தல் கடன். அமைக்கும் ஆறு: ஆல்ட் பண்பை எழுதி, அதன் மேற்கோட்குறிகளுக்கிடையே ஒன்றும் இடாது விடுக, அல்லது அப்படத்தைப் பக்க உடலில் வையாது, பக்கத்தின் தோற்றத்தை வகுக்கும் பாணித்தாளில் பின்னணியாக வைக்க.

ஆல்ட் வெறிதாயிருத்தலும் ஆல்ட் இல்லாதிருத்தலும் ஒன்றல்ல. வெறிதாயின் ‘இதனைக் கடந்து செல்’ என்று சமைத்தவர் ஆணை இட்டவராவர். இல்லையாயின் அவர் யாதும் கூறாதவராவர். அப்பொழுது திரைவாசிப்பான்கள் தத்தம் வழியே செல்லும். சில மௌனமாய்க் கடக்கும். சில கோப்பின் பெயரை வாசிக்கும். படம் ஓர் இணைப்பாயின் இணைப்பின் முகவரியை எழுத்தெழுத்தாய் ஓதுவனவும் உள. வாட்சாப் வழி வந்த படத்தைப் பெயர் மாற்றாது ஏற்றியவர் பக்கத்தில், ‘ஐ எம் ஜி, கோடு, 20190412, கோடு, டபிள்யூ ஏ 0007’ என்பதைக் கேட்டு இருந்தார்க்கே இவ்வேறுபாட்டின் அருமை விளங்கும்.

அலங்காரம் எதுவென்று துணிதல் எளிதோ எனின், எளிதன்று. கற்றோரும் இதன்கண் மாறுபடுவர். படத்தை நீக்கிவிட்டுப் பக்கத்தைப் படித்து, செய்தியோ செயலோ குறைகின்றதா என நோக்குக. குறையாதாயின் அலங்காரம். ‘முகப்பு’ என்னும் சொல்லின் அருகே வைத்த வீட்டின் படம் இவ்வாறு நோக்கின் அலங்காரமே. அதற்கும் ‘முகப்பு’ என உரை எழுதின் ‘முகப்பு முகப்பு’ என இருமுறை கேட்கும். ஆயினும் எழுத மடிந்து, எல்லாப் படத்தையும் அலங்காரம் என்று வெற்று ஆல்ட் இட்டுச் சோதனைப் பொறியின் கண்ணை மறைப்பார் இப்பொழுது பெருகினர். உரை விடுபட்டமையைப் பொறி காணும். வேண்டுமென்றே வாயடைத்தமையைக் காணாது. விடுபடலினும் இது கொடிது என்க.

இவற்றை ஓதியறிந்த மாணாக்கர் தம் பக்கத்தைத் தாமே கேட்டு அறிதல் வேண்டும். ஆஸ்திரேலியர் இருவர், மைக்கேல் கரன், ஜேம்ஸ் டே என்போர் ஆக்கிய என்விடிஏ என்னும் திரைவாசிப்பான் விலையின்றிக் கிடைப்பது, தமிழும் பேசும். அதனை இயக்கின், பக்கத்துள் ஜி என்னும் விசையை அழுத்துந்தோறும் அடுத்த படத்துக்குச் செல்லும். திரையை அணைத்துவிட்டுக் கேட்க. கேட்ட அளவில் இப்படம் இங்கு ஏன் உளது என்பது விளங்குமாயின் பயனொத்தது.

என்ப: என்று கூறுவர், பலர்பால் படர்க்கை வினைமுற்று. ஒருவர் தனித்து வகுத்தது அன்று, பல நாட்டாரும் மாற்றுத்திறனாளிகள் பலரும் கூடி ஆராய்ந்து வகுத்தது என்பது தோன்றப் பன்மையால் கூறப்பட்டது. நெறிவகுத்தோர் என்றது 1997-இல் அச்சேர்த்தியம் தொடங்கிய வலை அணுகல் முனைவின்கீழ் இயங்கும் பணிக்குழுவாரை. ஏகாரம் ஈற்றசை.

இனி, காலத்தோடு ஓடும் ஒலிக்கும் காணொளிக்கும் உரியன 1.2 என்னும் நெறியுள் வகுத்து ஓதப்படுதலின், வசனவரியும் காட்சி விளக்கமும் ஆண்டுக் காண்க.